பிள்ளை பிறந்த பிறகு எதற்கு வலி ஊசி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் பிரசவ அறைத் தாதியாகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். “பிள்ளைதான் பிறந்துவிட்டதே, இன்னும் எதற்கு வலி ஊசி?” என்று தமிழ்க் குடும்பத்தினர் கேட்பதைப் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். கேட்பவர் பெரும்பாலும் பேறுகாலம் பார்ப்பதற்காக ஊரிலிருந்து வந்திருக்கும் தாயாராகவோ மாமியாராகவோ இருப்பார். கேள்வியில் தவறில்லை. வலி எடுப்பதற்காகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதும், குழந்தை பிறந்தவுடன் தாயின் தொடையில் போடுவதும் பல வேளைகளில் ஆக்சிடோசின் என்ற ஒரே மருந்துதான்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டர் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் திறந்துகிடக்கும் ரத்தக் குழாய்களைக் கருப்பைத் தசைகள்தாம் சுருங்கி நெரித்து மூட வேண்டும். களைத்த தசை சுருங்காமல் தொய்ந்துவிட்டால், சில நிமிடங்களிலேயே தாயின் உயிருக்கு ஆபத்து நேரலாம். அதனால்தான், உதிரம் பெருகும்வரை காத்திராமல், பிரசவித்த எல்லாத் தாய்மாருக்கும் கருப்பையைச் சுருக்கும் மருந்தைத் தருமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆக்சிடோசின் என்றால் அளவு 10 யூனிட். கருப்பையைச் சுருக்கும் இன்னொரு மருந்தான, வெப்பத்தில் கெடாத கார்பெடோசினை, 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 தாய்மாரிடம் சோதித்து 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் சிங்கப்பூரும் இடம்பெற்றிருந்தது. கேள்வி கேட்க விரும்புவோர், போடப்போவது எந்த மருந்து என்றே கேட்கலாம். உயர் ரத்த அழுத்தம் உள்ள தாய்க்கு, இதே வேலையைச் செய்யும் எர்கோமெட்ரின் என்ற மருந்து கலந்த ஊசி ஆகாது என்பதால் அது பயனுள்ள கேள்வியும்கூட.

ஊசியைப் பற்றிய தயக்கத்தைவிட, “கெட்ட ரத்தம் போகட்டும்” என்ற பழைய நம்பிக்கையே எனக்கு அதிகக் கவலை தருகிறது. பிரசவத்துக்குப் பின் ஓரளவு உதிரம் போவது இயல்புதான். ஆனால், ஒரு பேடு ஒரு மணி நேரத்திலேயே முழுவதும் நனைந்துபோவது இயல்பன்று. வார்டில் அப்படி நனைந்ததைச் சத்தமில்லாமல் மாற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, “தாதிக்கு எதற்குத் தொந்தரவு?” என்று இருந்துவிட்ட பாட்டிமாரைக் கண்டிருக்கிறேன். அவர்கள் அன்பாகச் செய்ததுதான் அது. ஆயினும் ரத்த இழப்பு, அளவுக்கு மீறியதாகக் கருதப்படும் 500 மில்லிலிட்டரைத் தாண்டியதா என்று கணக்கிட எங்களுக்கு வழி இல்லாமல் போய்விடுகிறது.

உதிரம் அளவுக்கு மீறிப் போகும்போது தரப்படும், ரத்தக்கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்துக்கும் காலக்கெடு உண்டு. 20,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்று 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பிரசவித்த 3 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றவர்களிடையே ரத்தப்போக்கால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அதற்குப் பின் கொடுத்தபோது அந்தப் பலன் தென்படவில்லை.

கர்ப்பிணிகளுக்கான வகுப்புகளில் இவற்றைத் தமிழிலும் விளக்கி, பேறுகாலம் பார்க்க வரும் பாட்டிமாரையும் அங்கு அழைக்குமாறு மகப்பேற்று மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
ஈசூன்