மாமா, கிணற்றையும் எழுதிவையுங்கள்

அன்புள்ள மாமா,

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு அம்மாவிடம் சொன்னீர்களாம்: "எனக்கப்புறம் புள்ளைங்க உட்கார்ந்து பேசிப் பிரிச்சுக்குவாங்க." நான் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் வக்கீல். பேசிப் பிரித்துக்கொள்வார்கள் என்று நம்பிவிட்டுப் போன அப்பாக்களின் பிள்ளைகளைத்தான் பாகப்பிரிவினை வழக்குகளில் பார்க்கிறேன். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அப்பா மனதில் என்ன இருந்தது என்று எங்கும் எழுதியிருக்காது. அதனால் ஆளுக்கொரு அப்பாவை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இதே நிலையில் இருக்கும் மற்ற பெரியவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் எது யாருடையது என்று பார்ப்போம். பட்டாளத்துச் சம்பளத்திலும் பென்ஷனிலும் நீங்கள் கட்டிய வீடு உங்கள் சுயசம்பாத்தியம். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். நிலம் அப்படியில்லை. 1978 பாகப்பிரிவினையில் உங்களுக்கு வந்த பூர்வீகம் அது. பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. பெண்ணுக்கும்தான். 1989 மார்ச் 25 அன்று கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்குத் தமிழ்நாட்டுச் சட்டமே அந்த உரிமையைக் கொடுத்துவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் கல்யாணமான பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆக, உங்களுக்கும் மூன்று பிள்ளைகளுக்குமாக நாலு பங்கு. நிலத்தில் நீங்கள் உயில் எழுத முடிவது உங்கள் கால் பங்குக்கு மட்டும்தான்.

"நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சு, பாப்பாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடலாம்" என்று நம் பக்கத்தில் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். சீர் வேறு, பங்கு வேறு, மாமா. பாப்பா மனமுவந்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அது அவள் விருப்பம். என்ன சொத்து, எவ்வளவு மதிப்பு என்று சொல்லாமல் ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கைநாட்டு வாங்குவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவளை ஒதுக்கிவிட்டு அண்ணன் தம்பி மட்டும் பிரித்துக்கொண்டால் அந்தப் பத்திரம் கோர்ட்டில் நிற்காது.

இனி கிணறு. நிலத்தை அளந்து கல் நட்டுவிடலாம், கிணற்றை அளக்க முடியாது. நான் பார்த்த வழக்குகளில் ஏக்கரில் தொடங்கியதைவிடத் தண்ணீரிலும் வழியிலும் தொடங்கியவை அதிகம். கிணறு மேல்காட்டில் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்பவன் கீழ்க்காட்டுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று உங்கள் மனதில் இருக்கலாம், பத்திரத்தில் இருக்கிறதா? இலவச மின் இணைப்பு உங்கள் ஒருவர் பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றப் போனால் மற்ற வாரிசுகளின் சம்மதம் கேட்பார்கள். மனத்தாங்கல் வந்த வீட்டில் அந்த ஒரு கடிதத்துக்காகவே பயிர் காயும். புதிதாக இணைப்பு வாங்கலாம் என்றால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சின்னவன் தன் காசில் போர் போட்டு பைப் லைன் இழுத்திருக்கிறான், அதற்கு என்ன கணக்கு? கிணற்றில் ஆளுக்கு எத்தனை பங்கு, யாருக்கு எந்த நாள் முறை, மோட்டார் ரிப்பேர் செலவு யாருடையது, டிராக்டர் போக எத்தனை அடி வண்டிப்பாதை, எந்த வரப்போரம் என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். வக்கீலும் பத்திரம் எழுதுபவரும் இதைத் தாமாகக் கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். தாத்தா காலத்துப் பத்திரத்தில் "வட ஆற்காடு மாவட்டம், குடியாத்தம் தாலுகா" என்று இருக்கிறது. நான்கு எல்லை சொல்லும் செக்குபந்தியில் சொல்லியிருக்கும் பக்கத்து நிலக்காரர்கள் யாரும் இன்று இல்லை. நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூடிஆர் சர்வேயில் நம்பரும் உட்பிரிவும் மாறிப் பட்டாவில் வேறாக இருக்கலாம். பழைய நம்பர் எந்தப் புது நம்பரில் சேர்ந்தது என்று நீங்கள் இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி, நிலத்தின் சர்வே வரைபடமான புலப்படத்தோடு வையுங்கள். பெரியவன் பெங்களூரிலேயே இருந்துவிட்டவன், அவனுக்கு எல்லைக்கல்கூடத் தெரியாது.

வீட்டுக்கு உயிலே போதும் என்பது என் அபிப்பிராயம். வீட்டை இப்போதே ஒருவர் பெயருக்கு மாற்றும் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் நினைத்தபடி திரும்ப வாங்க முடியாது. எழுதத்தான் போகிறீர்கள் என்றால், கடைசிவரை உங்களையும் அத்தையையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதிலேயே இருக்கட்டும்; பார்க்காவிட்டால் 2007 முதியோர் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) போய் ரத்து செய்யக் கேட்கலாம். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். சாட்சி இரண்டு பேர் வேண்டும். பிரச்சினை வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும், அதனால் உங்கள் வயது நண்பர்களை விட்டுவிட்டு இளையவர்களாகப் பாருங்கள். பங்கு வாங்குகிறவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம். அத்தை தன் காலம் முழுக்க அந்த வீட்டில் இருக்கும் உரிமையை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

பேங்க் டெபாசிட்டில் பெரியவன் நாமினி என்பதால் பணம் அவனுடையது ஆகிவிடாது. நாமினி வாங்கிக்கொடுக்கும் ஆள், அவ்வளவுதான். பேங்க் டெபாசிட் விஷயத்தில் சுப்ரீம் கோர்ட் 2010-லேயே இதைச் சொல்லிவிட்டது. டெபாசிட்டையும் உயிலில் சேருங்கள்.

சின்னவனுக்குக் கூடக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள், எனக்குத் தெரியும். கொடுங்கள். உங்களையும் நிலத்தையும் பார்த்துக்கொண்டவன் அவன். ஆனால் ஏன் என்று உயிலில் ஒரு வரி எழுதுங்கள், மற்ற இருவரிடமும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். உயிலைப் பிரித்த பிறகு தெரியவந்தால் "தம்பி ஏமாத்தி எழுதி வாங்கிட்டான்" என்றுதான் பேச்சு வரும்.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு மூன்று பேரும் ஊரில் இருப்பார்கள். மறுநாள் காலை நானும் வருகிறேன். வில்லங்கச் சான்று நான் எடுத்து வருகிறேன். தாய்ப்பத்திரம், 1978 பத்திரம், பட்டா, கரண்ட் கார்டு மட்டும் நீங்கள் எடுத்து வையுங்கள். அதற்கு முன்னால் அத்தைக்கு என்ன வேண்டும் என்று தனியாகக் கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் முன்னால் அவர் வாய் திறக்க மாட்டார்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகள்