தக்காளியின் இலையும் பூவும்: நண்பருக்கு ஒரு கடிதம்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். நாம் பிறந்த தோட்டத்தில் எஞ்சியிருந்த பால்மரங்களையும் (ரப்பர் மரங்களையும்) வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள். வேறு பெரிய செய்தி இல்லை. ஆகவே நீங்கள் கேட்டதற்கே வருகிறேன். உங்கள் தக்காளிச் செடிகளுள் ஒன்று ஊன்றுகோலைத் தாண்டி வளர்ந்துகொண்டே போவதும் மற்றொன்று இடுப்பளவில் நின்றுவிடுவதும், ஒன்றின் இலை பிளவுபட்டும் மற்றொன்றின் இலை உருளைக்கிழங்கு இலையைப்போல் அகன்றும் இருப்பதும் மண்ணாலோ உரத்தாலோ அல்ல, மரபணுக்களால்.

பால்மரத்தின் இலையில் ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள் நிற்பதைச் சிறுவயது முதல் பார்த்தவர்கள் நாம். தக்காளியின் இலையும் கூட்டிலைதான், ஆனால் அதில் சிற்றிலைகள் நடுநரம்பின் இருபுறமும் வரிசையாக எழுகின்றன. தண்டின் நுனியில் உள்ள செல்களை முதிரவிடாமல் வைத்திருக்கும் 'நாக்ஸ்' வகை மரபணுக்கள், தனியிலைச் செடிகள் பலவற்றில் இலை அரும்பும்போதே அடங்கிவிடுகின்றன. தக்காளியிலோ இளம் இலையிலும் அவை செயல்படுவதால், இலையின் ஓரம் நெடுநேரம் இளமையாகவே இருந்து புதிய சிற்றிலைகளை ஈனுகிறது. இதற்கு எதிராக இலையை முதிரச் செய்வது 'லான்சியோலேட்' என்னும் மரபணு. ஆர்.என்.ஏ. என்னும் செல்மூலக்கூறு வகையைச் சேர்ந்த சிறிய ஒன்று அதை வழக்கமாக அடக்கி வைக்கிறது; அந்த அடக்கத்துக்கு உட்படாத திரிபு (மரபணு மாற்றம்) தோன்றினால் இலை விரைந்து முதிர்ந்து, ஈட்டி வடிவில் தனியிலையாகிவிடும் என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. கலாபகோஸ் தீவின் காட்டுத் தக்காளி ஒன்றில், ஒரு மரபணுவின் முன்பகுதியில் ஒரே ஓர் எழுத்து, அதாவது டி.என்.ஏ.வின் ஓர் அலகு, விடுபட்டதனால் இலை மல்லித்தழைபோல் நுணுக்கமாகப் பிளந்திருக்கிறது. உங்கள் அகன்ற இலைக்குக் காரணம் 'சி' என்னும் மரபணு பழுதானது. அது ஒடுங்கு பண்பு, அதாவது தாய்வழி, தந்தைவழி வந்த இரு பிரதிகளும் பழுதானால்தான் வெளிப்படும். எனவே அச்செடியின் விதையிலிருந்து பிளவுபட்ட இலையுடைய கன்று முளைத்தால், பக்கத்துச் செடியின் மகரந்தம் கலந்துவிட்டது என்று ஐயப்படலாம்.

செடியின் உயரத்தைத் தீர்மானிப்பது பூக்கும் முறை. சாதாரணத் தக்காளி ஒரு பூங்கொத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ மூன்று இலைகளை விட்டு முடிவின்றி நீள்கிறது. 'செல்ஃப் புரூனிங்' என்னும் மரபணு பழுதானால் அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்து, தண்டு பூங்கொத்திலேயே முடிகிறது. 1914இல் புளோரிடாவில் கண்டறியப்பட்ட இத்திரிபே குட்டைச் செடிகளையும் இயந்திர அறுவடையையும் சாத்தியமாக்கியது. இதற்கு எதிர்நிற்பது, இலையில் உருவாகி நுனிக்குச் சென்று பூக்கச் சொல்லும் புரதத்தைத் தரும் 'சிங்கிள் பிளவர் டிரஸ்'. அது முற்றிலும் பழுதானால் செடி தாமதமாகப் பூத்து, கொத்துக்குப் பதில் ஒற்றைப் பூவைத் தருகிறது. ஆனால் குட்டை வகைகளில் அம்மரபணுவின் இரு பிரதிகளுள் ஒன்று பழுதாகவும் மற்றது நல்லதாகவும் இருந்தால் விளைச்சல் கூடுகிறது என்று 2010இல் கண்டார்கள். பழுதான மரபணு பாதியளவில் நன்மை செய்கிறது என்பதுதான், நான் படித்தவற்றுள் என்னை மிகவும் வியக்க வைத்தது. 'அனந்தா' திரிபில் பூவே முழுமையாகாமல் காலிபிளவர்போல் மொட்டுத் திரள்கள் பெருகுகின்றன; 'ஃபால்சிஃப்ளோரா'வில் பூ வரவேண்டிய இடத்தில் இலைக்கிளை வருகிறது.

பூக்கள் உதிர்வதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். பூக்காம்பில் புடைத்திருக்கும் கணுவில்தான் அவை கழல்கின்றன. அக்கணுவை அமைப்பது 'ஜாயிண்ட்லெஸ்' என்னும் மரபணு. அக்கணு இல்லாத வகையை நட்டாலும் நம் சமவெளியில் பெரும்பயன் இராது, ஏனெனில் இரவிலும் தணியாத வெப்பத்தில் மகரந்தம் கெட்டு, காய் பிடிப்பதில்லை. குளிர்ந்த கேமரன் மலையில் எளிதாகக் காய்ப்பது இங்கு காய்க்காததற்கு அதுவே காரணம். வெப்பம் தாங்கும் குட்டை வகை எதையாவது தேடிப் பாருங்கள். அகன்ற இலைச் செடி காய்த்தால் சில விதைகளைக் காயவைத்து எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வகுப்புத் தோழன்