அப்பாவின் குதிகாலைப் பிடித்திருந்த கைகளுக்கு

திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில் அன்று எங்களோடு ஏறி இறங்கிய உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்ற நினைப்பே அந்த நேரத்தில் வரவில்லை. தை மாதம், பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள், சனிக்கிழமை. வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் பச்சைத் துண்டு சுற்றிய ஒரு பெரியவரும், கறுப்புத் தோள்பையோடு அவர் மகளும் வந்தார்களே, அது நாங்கள்தான். இதைப் படிக்கிற யாராவது அன்று அங்கே இருந்திருந்தால், அல்லது இருந்தவர்களைத் தெரிந்திருந்தால், அவர்களிடம் இதைச் சேர்த்துவிடுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. ஆரணியில் நாற்பது வருடம் பட்டுத்தறி நெய்தவர். தறிக்குழியில் காலைவிட்டு மிதித்து மிதித்தே அவர் முட்டி தேய்ந்துபோனது. கல்யாணத்துக்கு முன்னால் தாத்தாவோடு இந்த மலை ஏறியிருக்கிறார். உச்சியில் கோயில் கொண்டிருக்கிற சிவன் மல்லிகார்ஜுனருக்கு நம் கையாலேயே தண்ணீர் ஊற்றி அபிஷேகம் செய்யலாம் இல்லையா, அதைச் சொல்லிச் சொல்லி, "இன்னொரு வாட்டி என் கையால ஊத்தணும்மா" என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டரிடம் காட்டி, தினமும் காலையில் ஏரிக்கரையில் நடந்து பழகி, ஒருவழியாகக் கிளம்பினோம்.

தென்மாதிமங்கலம் வழியாகப் போனோம். படிக்கட்டு முடிந்து பாறை வழி தொடங்குகிற இடத்திலேயே அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. அங்கே மோர் விற்றுக்கொண்டிருந்த பாட்டி, நீங்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னும் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்கிக் கொடுத்தீர்கள். இரண்டாவது டம்ளருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். அந்தப் பானையை அடிவாரத்திலிருந்து தலையில் தூக்கி வந்தவர் நீங்கள். அதை நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ செய்கிறது.

எதிரே இறங்கி வந்தவர்களுக்கும் சொல்ல வேண்டும். "அந்த வளைவுல இடது பக்கம் வழுக்கும், வலது பக்கமாப் போங்க", "மேல குரங்கு இருக்கு, பையை மூடிக்குங்க" என்று ஒவ்வொருவரும் எதையாவது சொல்லிவிட்டுத்தான் கடந்தார்கள். பர்வதமலையைத்தான் சங்க காலத்து நவிரமலை என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நன்னனைப் பாடிய மலைபடுகடாமில் வருகிற மலை அது. அந்தப் பாட்டிலும் போய்வந்த கூத்தர், போகப்போகிற கூத்தருக்கு வழியில் எங்கே ஆபத்து, எப்படிக் கடப்பது என்றுதான் சொல்லிக்கொண்டே போவார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு அது வெறும் பாடம். அன்றைக்கு அந்த வழக்கம் இன்னும் அப்படியே இருப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

ஏறும்போது கடப்பாறைப் படியை அப்பா நன்றாகவே கடந்துவிட்டார். உச்சியில் தண்ணீர் ஊற்றினார், பிரமராம்பிகை சந்நிதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். சிக்கல் இறங்கும்போதுதான் வந்தது.

அந்த இடத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முகட்டில் செங்குத்தான பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அறைந்து வைத்திருப்பார்கள். அவற்றின்மேல் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்து இறங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் பள்ளம். மலை 4500 அடிக்கு மேல் உயரம், காற்று வேறு விடாமல் அடிக்கும். பாதியில் அப்பாவின் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. காலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. சங்கிலியைப் பிடித்திருந்த கை நடுங்க ஆரம்பித்தது. நான் அவருக்கு மேலே இருந்தேன். எட்டிப் பிடிக்கக்கூட முடியாத இடம்.

நீல நிறச் சட்டை போட்டிருந்த தம்பி, நீங்கள் அதற்குள் இறங்கிக் கீழே போயிருந்தீர்கள். திரும்ப ஏறி வந்தீர்கள். அவருக்கு நேர் கீழே நின்று, அவர் குதிகாலை உள்ளங்கையில் தாங்கி, "ஐயா, நான் கீழயே இருக்கேன். பாறையை மட்டும் பாருங்க" என்றீர்கள். பின்னால் யாரோ, "தூக்கிடலாமா?" என்று கேட்டார்கள். "வேணாம்ண்ணா, அவரே இறங்குவாரு" என்று சொன்னீர்கள். இந்தக் கடிதத்தை எழுதுவதே முக்கியமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அப்பாவின் முகம் அப்போது மாறியதை நீங்கள் கீழிருந்து பார்த்திருக்க முடியாது, நான் பார்த்தேன். ஒவ்வொரு கடப்பாறையாக நீங்கள் காலைக் காட்டிக்கொடுக்க, அவரேதான் வைத்து இறங்கினார். எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை. எனக்குப் பின்னால் இருபது பேராவது நின்றிருப்பார்கள், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. "யாரும் அவசரப்படாதீங்க, பெரியவர் இறங்கட்டும்" என்று வரிசையை நிறுத்தி வைத்த அக்கா, அப்புறம் கீழே வந்து ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்து, முன்பின் தெரியாத மனிதரின் காலை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டதும் நீங்கள்தான். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. பாதி வழியிலேயே இருட்டிவிட்டது. போளூரிலிருந்து வந்ததாகச் சொன்ன கல்லூரிப் பையன்கள் நான்கு பேர், எங்களுக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் என்று பிரிந்து, எங்கள் வேகத்துக்கே நடந்தார்கள். கடைசி பஸ் போய்விடும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஆனாலும் எங்களைவிட்டுப் போகவில்லை. தம்பிகளா, பஸ் கிடைத்ததா?

அப்பா நன்றாக இருக்கிறார். இரண்டு நாள் கால் வீங்கியிருந்தது, இப்போது சரியாகிவிட்டது. தறிக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நானேதான் இறங்கினேன், கீழே ஒரு புள்ள நின்னுச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று. அந்தப் பையன்கள் அப்பா கையில் கொடுத்த மஞ்சள் டார்ச் லைட் எங்களிடமே தங்கிவிட்டது. அவசரத்தில் திருப்பித் தர மறந்துவிட்டேன். புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த பௌர்ணமிக்கு வந்து மோர்ப் பாட்டியிடம் கொடுத்துவைக்கிறேன். அந்தப் பக்கம் போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.