வயிற்றில் விட்ட தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷன்) பற்றிய கட்டுரை படித்தேன். தழும்பு, தையல், செலவு எல்லாம் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் மட்டும் இல்லை.

அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். மூன்றாம் நாள் ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'வயிற்றில் சிறிதளவு திரவம்' என்று ஒரு வரி. கையில் கொடுத்தார்களே தவிர, விளக்கம் சொல்ல ஆளில்லை. "நீர் கோத்துக்கிச்சு" என்று அம்மா முடிவுகட்டி, தண்ணீரை அரை டம்ளராகக் குறைத்துவிட்டார். மூன்று வேளையும் கொள்ளு ரசம் வேறு.

தையல் பிரிக்கப் போனபோது ஓர் இளம் டாக்டர்தான் உட்கார வைத்துச் சொன்னார். ஆபரேஷன் முடிவில் உப்பு நீர் விட்டுக் கழுவி உறிஞ்சி எடுப்பார்களாம். ஈரலுக்கு அடியிலும் இடுப்புக்குழியிலும் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். புண்ணிலிருந்து கசிவதும் அதோடு சேரும். வயிற்றின் உட்புறம் முழுக்க பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வு. விரித்தால் நம் உடம்புத் தோலின் பரப்பை நெருங்குமாம். அதிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் நீரை இழுத்துக்கொள்ளும். மிச்சம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் அடியிலுள்ள பொடித் துளைகள் வழியே நிணநீர்க் குழாய்க்குள் போகும். மூச்சு விடும்போதெல்லாம் உதரவிதானம் ஏறி இறங்குகிறதே, அதுதான் பம்பு. அப்புறம் ரத்தம், சிறுநீரகம், சிறுநீர். மீந்த உப்பு நீர் பெரும்பாலும் ஓரிரு நாளில் இப்படிப் போய்விடும். குடிக்கும் தண்ணீரைக் குறைப்பதால் இது சீக்கிரம் வற்றாது.

தண்ணீர் என்ன, ரத்த அணுவே முழுசாக அந்த வழியில் போகும். 1963-இல் நியூசிலாந்து டாக்டர் லைலி, கருவிலிருந்த குழந்தையின் வயிற்றுக்குள் ரத்தம் செலுத்தியது இதை நம்பித்தான். வீட்டிலேயே வயிற்றில் திரவம் விட்டுச் செய்யும் டயாலிசிஸுக்கும் இதே சவ்வுதான் வடிகட்டி.

அதற்காக எல்லாத் திரவமும் தானே போய்விடும் என்று இருந்துவிடக் கூடாது. காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, வயிறு உப்புதல், கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது இதில் எது இருந்தாலும் அன்றே ஓட வேண்டும். பித்தநீர்க் கசிவாகவோ ரத்தமாகவோ சீழாகவோ இருக்கலாம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைக்கு 1-0-1 எழுத இடம் இருக்கிறது. இதையும் இரண்டு வரி தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன?

ஒரு வாசகி,
கும்பகோணம்