வெறும் வயிற்றோடு ஓடலாமா என்று கேட்டாய்

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

போனில் நீ என்னிடம் கேட்ட கேள்விக்கு அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டா. "சாப்பிடாமல் ஓடினால் மூளை வேலை செய்யாது, பிறகு எப்படிப் படிப்பாய்?" என்றா. உயிரியல் படிப்பித்தவன் பக்கத்தில் இருக்கும்போதே தீர்ப்பு வந்துவிட்டது. கடிதம் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

அம்மாவின் பயத்துக்கும் காரணம் உண்டு. மூளையின் நிறை உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியில் 20 சதவீதம் அளவை அதுவே எடுத்துக்கொள்கிறது. இருந்தாலும் இரவு பிட்டு சாப்பிட்டுப் படுத்தவளின் மூளை விடியும்போது பட்டினி கிடப்பதில்லை. ஈரலில் சேர்ந்திருக்கும் கிளைக்கோசன் என்ற சேமிப்புச் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோசாக மாறி இரத்தத்துக்கு வந்துகொண்டே இருக்கும். சுகதேகிகளான பெரியவர்களை ஒரு நேரச் சாப்பாடு இல்லாமல் இருக்கவிட்டுச் சோதித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், நினைவிலோ கவனத்திலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சின்னப் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களைச் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் அனுப்பக்கூடாது என்பதில் அம்மாவும் நானும் ஒரே கட்சி.

என்னோடு படிப்பித்த கிண்ணியா ஆசிரியர்கள் ரமழான் நோன்பு காலத்திலும் கடைசிப் பாடம் வரைக்கும் ஒழுங்காகவே எடுத்தார்கள். பசியைவிடத் தாகம்தான் கஷ்டம் என்பார்கள். அதை நீயும் கவனி. உடலில் தண்ணீர் குறைந்தால் தலையிடிக்கும், கவனம் சிதறும். ஓடி வந்ததும் முதலில் தண்ணீர் குடி, தேத்தண்ணி பிறகு.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். இருபது, முப்பது நிமிடம் மிதமாக உடம்பை அசைத்த பிறகு கவனத்தைச் சோதித்தால் கொஞ்சம் நன்றாகச் செய்கிறார்கள். கொஞ்சம்தான், மாயம் ஒன்றும் இல்லை. மூச்சு வாங்கி விழும் அளவுக்கு ஓடிவிட்டு உடனே புத்தகத்தைத் திறந்தால் அந்த இலாபமும் கிடைக்காது. மிதமான வேகம் எது என்று அறிய உனக்குக் கைக்கடிகாரம் வேண்டாம். நம் ஊர்க் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், தேவாரம் பாட மூச்சுக் காணக்கூடாது. அதுதான் அளவு. (மான்கள் வழியை மறித்து நின்றால் அந்த நேரம் கணக்கில் சேராது.) இந்த வேகத்தில் அரை மணித்தியாலம் வெறும் வயிற்றோடு ஓடுவதால் உனக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கடுமையாக ஓடப்போகிறாய் என்றால் முன்னால் ஒரு வாழைப்பழம் சாப்பிடு. முடித்து வந்து காலைச் சாப்பாட்டையும் தள்ளிப்போடாதே. தலை சுற்றினால் நின்றுவிடு.

நடந்தால் மூளை வளரும் என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தாய். அது 2011இல் வந்த அமெரிக்க ஆய்வு. 55 வயதுக்கு மேற்பட்ட 120 பேர். ஒரு வருடம் நடந்தவர்களுக்கு, நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகம்பஸ் என்ற பகுதி 2 சதவீதம் பருத்தது. செய்தி எழுதியவர் விட்டது ஒன்று உண்டு: நடக்காமல் உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் நினைவுச் சோதனையில் புள்ளி கூடியிருந்தது. அதோடு, அவர்கள் என் வயதுக்காரர்கள். உன் வயதுக்கு அதை அப்படியே பொருத்தாதே.

என்னைக் கேட்டால் நீ கவலைப்பட வேண்டியது மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி. நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கறியும் சோறும் முடிந்த பிறகு பெரியப்பாவிடம் நீ ஏதாவது கேட்டுப் பதில் வாங்கியிருக்கிறாயா? பின்னேரம் இரண்டு மணியளவில் வரும் சோர்வு உடலின் சொந்த நேரக் கணக்கிலேயே இருக்கிறது, சாப்பிடாதவருக்கும் வரும். அதன்மேல் சோற்றையும் குவித்தால் கண் சொருகத்தான் செய்யும். கஷ்டமான பாடங்களை முற்பகலில் முடி. மத்தியானம் சோற்றைக் குறைத்து, பருப்பும் மீனும் கீரையும் கூட்டு. சாப்பிட்ட கையோடு நாற்காலியில் உட்காராமல் பத்து நிமிடம் நட. அசையும் தசைகள் இன்சுலினுக்குக் காத்திராமலே இரத்தத்தில் உள்ள குளுக்கோசை இழுத்துக்கொள்ளும், அதனால் சீனி ஒரேயடியாக ஏறாது. அதற்கும் மீறி நித்திரை வந்தால் இருபது நிமிடம் படு. எலாம் வைத்துக்கொள்.

இரவுச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பதினொரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு நல்ல நித்திரையை எதிர்பார்க்க முடியாது. படித்தது மனதில் பதிவது நித்திரையில்தான். கோப்பியும் அப்படித்தான், குடித்து ஐந்து மணித்தியாலம் போனாலும் கபீனில் பாதியளவு உடலில் இருக்கும். பின்னேரத்தோடு நிறுத்து.

சோதனை இரண்டு மணிக்கு என்று சொன்னாய், இருப்பதிலேயே மோசமான நேரம். பன்னிரண்டு மணிக்கே அளவாகச் சாப்பிடு. முந்திய வாரமும் அதே நேரத்துக்குச் சாப்பிட்டு, இரண்டு மணிக்கு ஒரு பழைய வினாத்தாளைச் செய்து பார். சோதனை அன்றைக்குப் புதிதாக எதையும் தொடங்காதே. அங்கே மண்டபத்துக்கு ட்ராமில் போவதென்றால் இரண்டு தரிப்புக்கு முன்னால் இறங்கி நட.

அன்புடன்,
அப்பா