பாப்பாவுக்கு அப்பா எழுதும் கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகம் பார்த்துவிட்டு வந்து போனில், "எல்லாம் அவன் பெண்டாட்டி பண்ணின வேலைப்பா" என்றாய். நான் பாடம் நடத்திய காலத்தில் வகுப்பிலும் வருஷா வருஷம் இதே பேச்சு வரும். எனக்கு அது ஒப்பவில்லை, பாப்பா.

அரசர் டங்கனைக் கொல்லும் எண்ணம் மேக்பெத்துக்கு அவள் கொடுத்ததல்ல. "நீ அரசனாவாய்" என்று சூனியக்காரிகள் சொன்ன கொஞ்ச நேரத்திலேயே அவனுக்கு நெஞ்சு படபடக்கிறது. அப்போது அவள் பக்கத்திலேயே இல்லை. வீடு வந்து சேரும்வரை பொறுக்க முடியாமல் அவளுக்குக் கடிதம் அனுப்புகிறான். அதில் தன் உயர்வில் சரிபாதியானவள் என்று அவளை அழைக்கிறான். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் இவ்வளவு ஒட்டுதலான புருஷன் பெண்டாட்டியை நான் வேறு பார்த்ததில்லை.

அப்புறம் அந்த விருந்து ராத்திரி. டங்கன் தன் உறவுக்காரர், தன் அரசர், இன்றைக்குத் தன் வீட்டு விருந்தாளி என்றெல்லாம் யோசித்து, "இத்தோடு விட்டுவிடுவோம்" என்கிறான். அவள் கிரீடத்தைக் காட்டி ஆசை மூட்டுவதில்லை. "உங்கள் அன்பும் இவ்வளவுதானா? நீங்கள் ஆண்பிள்ளைதானா?" என்கிறாள். அங்கேதான் சாய்கிறான். ஆசை அவனுடையதுதான். அவள் கண்ணில் சிறுத்துவிடக் கூடாதே என்ற தவிப்புதான் கத்தியை எடுக்க வைத்தது. அவளும் கல் இல்லை. தூங்கும் டங்கனிடம் தன் அப்பாவின் சாயல் தெரிந்திருக்காவிட்டால் தானே முடித்திருப்பேன் என்கிறாள். அந்த வரியை என்னால் வேகமாகக் கடக்கவே முடிந்ததில்லை.

நிஜ மேக்பெத் 1040-இல் டங்கனைப் போரில் வென்று 17 வருஷம் ஸ்காட்லாந்தை ஆண்டவன். ஷேக்ஸ்பியர் கதை எடுத்தது ஹோலின்ஷெட் எழுதிய வரலாற்றிலிருந்து; அதில், விருந்தாளியாக வந்து தூங்கும்போது கொல்லப்படுகிறவர் டஃப் என்ற வேறோர் அரசர். ஷேக்ஸ்பியர் அந்தக் கொலையை எடுத்து மேக்பெத்தின் வீட்டுக்குள் வைத்தார்.

எனக்கு மூன்றாம் அங்கம்தான் முக்கியம். தன்னோடு போரிட்ட நண்பன் பாங்கோவைக் கொல்ல மேக்பெத் ஆள் ஏவிவிட்டான். "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று அவள் கேட்கிறாள். "உனக்கு இப்போது தெரிய வேண்டாம், முடிந்ததும் பாராட்டு" என்கிறான், கொஞ்சலாகத்தான். அன்றைய விருந்தில் பாங்கோவின் ஆவியைக் கண்டு அவன் உளறும்போது அவள்தான் விருந்தினரிடம் சமாளித்து மானத்தைக் காப்பாற்றுகிறாள். அதற்குப் பிறகு நாடகம் முடியும்வரை இரண்டு பேரும் ஒரே காட்சியில் வருவதே இல்லை. ஐந்தாம் அங்கத்தில் அவள் மெழுகுவர்த்தியோடு தூக்கத்தில் நடக்கிறாள். "வாருங்கள், கையைக் கொடுங்கள்" என்கிறாள், பக்கத்தில் இல்லாதவனிடம். அவன் யுத்த வேலையில் இருக்கிறான். அவள் செத்த சேதி வரும்போது நின்று அழக்கூட அவனுக்கு நேரமில்லை.

சரி, உன் விஷயம். பெரிய பொறுப்பு தருகிறார்கள், ஊர் மாற வேண்டியிருக்கும் என்றாய். தாராளமாக ஆசைப்படு. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் "அவரிடம் எல்லாம் முடிவானதும் சொல்லிக்கலாம்ப்பா" என்றாயே, அதுதான் மனசில் உறுத்துகிறது. இன்று ராத்திரியே மாப்பிள்ளையிடம் பேசு. அவர் வேண்டாமென்றால் சண்டை போடு, பரவாயில்லை.

அம்மா வடகம் காயப்போட்டிருக்கிறாள். அடுத்த வாரம் பார்சல் அனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா