ஓட்டம் முடிந்து தம்பானூரில்

களியக்காவிளை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் சிவராத்திரிக்கு முன்பே வந்துவிட்டது. அம்மா இப்போது கோயில்வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் உண்டு. இந்த வருஷம் சிவராத்திரிக்கு நானும் தங்கச்சி மகனும் நம் குமரி மாவட்டத்துச் சிவாலய ஓட்டம் போனோம்.

திருமலையில் கிளம்பி நட்டாலம்வரை பன்னிரண்டு சிவன் கோயில், நூறு கிலோமீட்டருக்கும் மேல் வழி. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது பைக்கிலும் வேனிலும் சுற்றுகிறவர்கள் நிறைய. ஆனால் காவி வேட்டியும் கையில் விசிறியுமாக "கோவிந்தா, கோபாலா" என்று நடந்தும் ஓடியும் போகிறவர்கள் குறையவில்லை. ராத்திரி முழுக்க வழியோர வீடுகளில் பானகமும் சுக்குக் காப்பியும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். திற்பரப்பு தாண்டி ரப்பர் தோட்டங்கள் இருக்கும்வரை கஷ்டம் தெரியவில்லை. பொன்மனைக்கு அப்புறம் வெயிலில் தார் ரோடுதான் காலைப் பதம் பார்த்தது. நட்டாலத்தில் சங்கரநாராயணர் முன்னால் நின்றபோது பையன் அழுதுவிட்டான். எனக்கும் தொண்டை அடைத்தது.

ஊருக்குத் திரும்பியதும் நேரே திருவனந்தபுரம் போனோம். அடுத்த வருஷம் நீயும் ஓடிவிட்டு, கைக்காசு அதிகம் கரையாமல் நகரத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மக்கா, ஓடிக் களைத்த உடம்போடு நகரத்தை நடந்து பார்க்க நினைக்காதே. உட்கார்ந்து பார். செலவும் தானாகக் குறையும்.

குழித்துறையிலிருந்து பாசஞ்சர் ரயிலில் சில்லறைக் காசுதான். நாங்கள் பஸ்ஸில் போனோம், பாலராமபுரத்தில் தறிச் சத்தம் கேட்கலாம் என்று எனக்கு ஒரு ஆசை. திருவனந்தபுரத்தில் தம்பானூரில் இறங்கினால் எதிரெதிரே பஸ் நிலையமும் ரயில் நிலையமும். பக்கத்திலேயே இந்தியன் காபி ஹவுஸ். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய அந்தச் செங்கல் கட்டடத்தில் படி ஏற வேண்டியதில்லை. சாய்வான தளம் வட்டமாகச் சுற்றிச் சுற்றி மேலே போகிறது, அதன் ஓரமாகவே மேசையும் இருக்கையும் கட்டியிருக்கிறார். தொடை பிடித்துக்கொண்டவனுக்குப் படி இறங்குவதுதான் பெரிய கொடுமை. அந்தச் சாய்தளத்தில் மெதுவாக ஏறி, பீட்ரூட் போட்ட சிவப்பு மசாலாவோடு தோசை தின்று, காப்பி குடித்து, வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். வேலை செய்கிறவர்களே கூட்டுறவாக நடத்தும் கடை அது. விலையும் நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

தங்க நாங்கள் தம்பானூரிலேயே ஒரு சின்ன லாட்ஜ் பிடித்தோம். நீ அனந்தபுரி எக்ஸ்பிரஸில் சென்னை திரும்புவாய் என்றால் ரயில் நிலைய ஓய்வறையைப் பார். உறுதியான முன்பதிவு டிக்கெட் இருந்தால் போதும். பகலில் பையை அங்கேயே கிளோக் ரூமில் போட்டுவிடலாம்.

காலையில் மியூசியம் தோட்டம். பெஞ்சில் உட்கார்ந்தாலே போதும், அவ்வளவு நிழல். 1880இல் எழுந்த நேப்பியர் மியூசியத்தை வடிவமைத்தவர் சிஷோம். மெரினாவுக்கு எதிரே நீ பார்க்கிற செனட் ஹவுஸும் அவருடையதுதான். பக்கத்திலேயே ரவிவர்மா ஓவியங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், பார்த்துக்கொள். மதியம் சிட்டி சர்க்குலர் பஸ்ஸில் ஜன்னலோரம். சாயங்காலம் சங்குமுகம் கடற்கரை மணலில் காலை நீட்டிவிட்டால் அப்புறம் எழுந்திருக்க மனம் வராது.

பத்மநாபசுவாமி கோயிலுக்கு ஓட்டத்தில் கட்டிய வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டால் ஆயிற்று. சட்டை, செல்போன் இரண்டும் உள்ளே ஆகாது. அங்கிருந்து சாலைக் கடைத்தெரு பக்கம். அதை உருவாக்கிய திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் நம் விளவங்கோட்டுக் குன்னத்தூரில் பிறந்தவர் என்று பையனிடம் சொன்னேன், அவன் நம்பவே இல்லை. கடைகளில் இன்னமும் தமிழ் தாராளமாகக் கேட்கிறது. குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956க்கு முன்னால், தாத்தா காலத்தில், நமக்குத் தலைநகரம் அதுதானே. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்தும் நம் பிள்ளைகள் அந்த ஊரை ஆஸ்பத்திரிக்கும் விமானத்துக்கும் மட்டும் போகிற இடமாக நினைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஒன்றை மறந்துவிடாதே. திருவனந்தபுரத்தில் பெண்கள் பகவதிக்கு இடும் ஆற்றுக்கால் பொங்கலும் மாசியை ஒட்டித்தான் வரும். அந்த நாட்களில் லாட்ஜில் இடம் தேடுவது வீண் வேலை. ஊர் முழுக்க ரோட்டோரம் அடுப்புதான். மதினிக்குப் பொங்கலிட ஆசை இருந்தால் நம் வீட்டில் தங்கிக்கொண்டு விடியற்காலை ரயிலில் போகட்டும், என் வீட்டுக்காரியும் கூடப் போவாள்.

ரயில் டிக்கெட் அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கும். பஞ்சாங்கம் பார்த்துச் சிவராத்திரி, பொங்கல் இரண்டு தேதியையும் நான் எழுதி அனுப்புகிறேன். நீ இப்போதிருந்தே காலையில் கொஞ்சம் நடக்க ஆரம்பி. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ராஜன்